வால்வு வைத்தவரோடு திருவண்ணாமலைக்கு

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தவரைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போகலாமா, கிரிவலம் வர விடலாமா? போன பதிவுக்கு வந்த பின்னூட்டங்களில் பாதி இந்தக் கேள்விதான். இந்தத் தை மாதம், 2008 பிறந்த கையோடு, நாங்கள் போய்விட்டு வந்தோம். போகலாம். ஆனால் நாங்கள் போன மாதிரி போகாதீர்கள். ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். என் வீட்டுக்காரர் வேலு தாம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் அது வேலையைக் காட்டியது. போன வருஷம் சென்னையில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரையை ஆயுள் முழுக்க, ஒரு நாள்கூட விடாமல் போட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ரத்த மாத்திரை என்று பெயர்.

உலோக வால்வுக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் போடும். சட்டைப்பைக்குள் கைக்கடிகாரம் வைத்தது போல டிக் டிக் என்று கேட்கும். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் முறை வைத்துக்கொண்டு அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்கள். எனக்கு மட்டும் கேட்கவில்லை. சிறுவயதிலிருந்தே சீழ் வடிந்து வடிந்து என் இடது காது ஜவ்வில் ஓட்டை. வலது காதும் சுமார்தான். அவர் ஓரளவு தேறியதும் நானும் ஆபரேஷன் செய்துகொண்டேன். தோலுக்கு அடியிலிருந்து கொஞ்சம் சவ்வு எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். காதுக்கட்டைப் பிரித்து, பஞ்சையும் எடுத்து, கொஞ்ச நாளில் ஜவ்வு நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரு மதியம் அவர் பக்கத்தில் படுத்திருந்தபோது, சுவர்க் கடிகாரத்துக்கு யார் புது பேட்டரி போட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அது நின்றுதான் கிடந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

அந்தச் சத்தத்தைக் கேட்காத ஒரே ஆள் அவருடைய அக்கா. பச்சையம்மாள் அண்ணி, ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையிலேயே இருக்கிற கிராமம் அது. கால் காணி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற கொல்லையும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுண்டல் கடையும்தான் அண்ணிக்குப் பிழைப்பு. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஆபரேஷன் முடிந்து பார்க்க வந்தபோது, மற்றவர்கள் காதை வைத்துக் கேட்கிற நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவார். கூச்சம் என்று நினைத்தேன்.

அண்ணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வயதிலும் அவர் கொண்டை ஒரு கைக்கு அடங்காது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டுக் காய வைத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று ஒரு பேச்சுப் பேசிவிட்டுத்தான் போவார்கள். என்னுடையது எலி வால். அவர் என் தலைக்கு எண்ணெய் வைக்க வந்தாலே நான் ஓடிவிடுவேன்.

தம்பி ஆபரேஷன் மேஜையில் இருந்த அன்று அண்ணி மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருக்கிறார். அவன் பிழைத்து வந்தால் ஒரு வருஷத்துக்குள் அவன் தலைமுடியை அண்ணாமலையாருக்குக் காணிக்கை கொடுத்து, மலையைச் சுற்ற வைக்கிறேன் என்று. பிறகு அமாவாசைக்கு அமாவாசை போன் வரும். "முடி வளந்துச்சாடா? எப்ப வர்ற?"

கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டேன். பஸ்ஸில் போகலாம், மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும், மாத்திரையை விடக் கூடாது என்றார். மொட்டை போடலாமா என்று கேட்கவில்லை. முடி வெட்டுவதற்கு இதய டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கேட்டுவிடுங்கள்.

காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழி, ஏறக்குறைய 170 கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். நான்கரை மணி நேரம் ஆனது. நெஞ்சு ஆபரேஷன் ஆனவரைப் பின் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். செஞ்சி தாண்டி ரோடு தூக்கிப் போடும். காது ஆபரேஷன் ஆனவர்கள் ஜன்னல் ஓரத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார்கள். பஞ்சை எடுத்துவிட்டு அவர் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டேன். இது எனக்குக் காது கேட்ட நாளிலிருந்து வந்த பழக்கம். "செக்கிங் ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஆயிடுச்சு என்றேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் வரும்போதே மலை தெரிந்துவிடும். அவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து கும்பிட்டார். ஒரு வருஷமாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கவே யோசித்த ஆள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தோம். நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு வந்தார். டிரைவர் பெயர் ஏழுமலை.

"பௌர்ணமிக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்குமேங்க. கூட்டம் ஜாஸ்தி, ஆனா அது ஒரு அழகு," என்றார்.

"இவருக்கு இதய ஆபரேஷன் ஆயிருக்குப்பா. கூட்டம் கம்மியா இருக்கிற நாளாப் பாத்துத்தான் வந்தோம்."

அதற்குப் பிறகு அவர் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விடவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்குச் சுத்தறதுனா சொல்லுங்க, நானே வரேன்," என்று போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா வனஜா. இன்னாடா இப்படி எளைச்சிட்ட?" என்று தம்பியின் கன்னத்தைத் தடவினார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு கிலோ ஏறியிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்.

மதியச் சாப்பாட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. அண்ணி, தம்பிக்குப் பிடிக்குமே என்று முருங்கைக்கீரை பொரியல் செய்திருந்தார். ரத்த மாத்திரை போடுகிறவர்கள் கீரையை இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது, மாத்திரை வேலை செய்யாது. ஒரு வருஷமாக என் வீட்டுக்காரர் கீரையைக் கண்டால் விஷத்தைப் பார்ப்பது போலத் தள்ளிவைத்தவர். அன்றைக்கு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது, கீரையப் போய் இவ்ளோ?"

"ஒரு நாளு தானே."

"ரத்த மாத்திரை போடறீங்கல்ல?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தினமும் சாயங்காலம் கடையில் டீ குடிக்கும்போது போடுகிற மாத்திரை அது. அவர் பாடு, நான் பார்ப்பதில்லை.

"மூணு நாளா போடல," என்றார்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவரோ மோட்டாருக்கு வைண்டிங் விளக்குவது போல விளக்குகிறார். "மொட்ட போடும்போது கத்தி கீறிடுச்சுனா ரத்தம் நிக்காதுல்ல? போன தடவ பல்லு புடுங்கச்சொல்ல டாக்டரே நாலு நாளு நிறுத்தச் சொன்னாரு. அதே கணக்குதான். ஒங்கிட்ட சொன்னா நீ பயப்படுவ."

பல்லுக்கு நிறுத்தியது டாக்டர் பார்த்து நிறுத்தியது. அதற்குப் பதில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் பல்லை ஞாபகம் வைத்துக்கொண்டு ஊசியை மறந்துவிட்டார். கரண்டியோடு நின்றிருந்த அண்ணியின் முகம் செத்துவிட்டது. "வேணாம்க்கானு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா," என்றார்.

செல்போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, பெரிய டாக்டருக்கு உதவியாக இருக்கும் இளைய டாக்டரைப் பிடித்தேன். திட்டுவார் என்று பார்த்தால் வரிசையாகக் கேள்வி கேட்டார். மூச்சு வாங்குகிறதா, கை கால் மரத்ததா, பேச்சு குழறுகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"வால்வு சத்தம் எப்படிம்மா இருக்கு? பழையபடி தெளிவா கேக்குதா, மந்தமாயிடுச்சா?"

ரத்தம் கட்ட ஆரம்பித்தால் சத்தம் அமுங்கிவிடுமாம். நான் போனைத் தரையில் வைத்துவிட்டு, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்த மனிதரின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, இடது காதை நெஞ்சில் வைத்தேன். அண்ணி எதிரில் இருக்கிறார் என்ற கூச்சம் எல்லாம் எங்கே போனதோ. வெளியே ஒரு வேன் போனது. பக்கத்து வீட்டில் ரேடியோ. முதலில் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. ஓட்டைக் காதாகவே இருந்திருந்தால் இந்த நேரம் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டது. டிக், டிக் என்று, திண்டிவனத்தில் கேட்டது போலவே, சுத்தமாக.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணி இல்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

உடனே டவுனுக்குப் போய் ரத்தம் சோதித்து, நெஞ்சு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார் டாக்டர். ஏழுமலையைக் கூப்பிட்டேன், பத்து நிமிஷத்தில் வந்தார். அண்ணியும் வந்தார். டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதயம் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், இளம்பெண். திரையைத் திருப்பி எங்களுக்கே காட்டினார்.

"இதோ பாருங்க, வால்வோட கதவு ரெண்டும் முழுசா தெறக்குது, முழுசா மூடுது. கட்டி எதுவும் இல்ல. ஆனா ரத்தம் கெட்டியாகத் தொடங்கிடுச்சு. இன்னும் நாலு நாளு விட்டிருந்தீங்கனா எங்கிட்ட நடந்து வந்திருக்க மாட்டீங்க."

என் வீட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் நெஞ்சுக்குள் இருப்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார். "நல்லாத்தான் ஓடுது," என்றார் மெதுவாக.

டாக்டரம்மா சென்னை டாக்டரிடமும் பேசினார். வயிற்றில் ஊசி, காலையும் மாலையும். மாத்திரை அன்று மாலையே. நடந்து சுற்ற வேண்டாம், ஆட்டோவில் சுற்றலாம். மறுநாள் மாலை ஊசியையும் அவரிடமே போட்டுக்கொண்டு, அதற்கடுத்த நாள் ஊருக்குப் போய்க் காட்ட வேண்டும். முக்கியமாக, ஊசியும் மாத்திரையும் சேர்ந்து ஓடும்போது தலையில் கத்தியே படக் கூடாது. கீழே விழுந்து தலையில் அடிபடாமலும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. அண்ணிக்கு வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மலையைப் பார்த்தபடியே வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார். "எங்க வூட்டுக்காரரு படுக்கையில இருக்கச்சொல்ல திருப்பதிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி வெச்சிருந்தேன், வனஜா. அறுப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும்னு தள்ளிக்கினே இருந்தேன். அவரு போயிட்டாரு."

"அண்ணி, அதுக்கும் இதுக்கும்..."

"தெரியும்மா. நீ படிச்சவ, சொல்லுவ. ஆனா நான் வாயால சொன்னது அவன் தலைனுதானே."

நான் கணக்கு டீச்சர். சாமியோடு பேரம் பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். கத்தி படாமல் கத்தரிக்கோலால் மூன்று கொத்து மட்டும் எடுத்துப் பூமுடி கொடுக்கிறார்களே, அப்படிக் கொடுத்துவிடலாம் என்றேன். "அது பொம்பளைங்களுக்கு. ஆம்பளைக்கு எப்படி," என்றார் அண்ணி. இவர் வேறு, பார்த்துப் போட்டால் கீறாது என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் அடங்கினார்.

மறுநாள் காலை அண்ணி எங்களுக்கு முன்னால் குளித்துத் தயாராக இருந்தார். ஏழரைக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போனோம். கூட்டமே இல்லை. மொட்டை போடுகிற இடத்தில் இருந்த பெரியவரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியை ஓரமாக வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். இவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். முன்னால், வலது, இடது என்று மூன்று கொத்து. அவ்வளவுதான்.

இவர் எழுந்ததும் அந்த இடத்தில் அண்ணி உட்கார்ந்தார். உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டார். முடி முதுகில் இறங்கித் தரையில் புரண்டது.

"பாக்கிய என் தலையில எடுத்துக்கப்பா," என்றார்.

"அக்கா, வேணாம்க்கா," என்று இவர் கையைப் பிடித்தார்.

"நீ சும்மா இருடா. வேண்டிக்கினது நானு. கடன் என்னுது."

பெரியவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்தேன், முந்தின நாள் மதியத்திலிருந்து இல்லாத ஒரு நிம்மதி அதில் இருந்தது. பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முடி அழுக்குத் தண்ணீரில் நனையாமல் கையில் ஏந்திக்கொண்டேன். என்ன கனம் தெரியுமா? தண்ணீர் தெளித்து மழிக்க மழிக்க, அண்ணியின் தலை இவ்வளவு சின்னதா என்று இருந்தது. குளித்து வந்ததும் நான்தான் சந்தனம் குழைத்துத் தடவினேன். என் தலைக்கு எண்ணெய் வைக்க வந்தபோதெல்லாம் ஓடியிருக்கிறேன். அவர் ஓடவில்லை, குனிந்து காட்டினார்.

"சில்லுனு இருக்குது," என்றார்.

தரிசனம் முடித்து ஒன்பதரைக்கு ஆட்டோவில் கிரிவலம் கிளம்பினோம். பாதை 14 கிலோமீட்டர். நின்று நின்று போக முந்நூறு ரூபாய் பேசினேன். பாதையில் இருக்கும் எட்டு லிங்கத்திலும் இறங்கினோம். தன் ஊரில் மட்டும் வண்டியை நிறுத்தாமல் போகச் சொன்னார் அண்ணி. முக்காடு போடாமல், தலையைக் காட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார். சுண்டல் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் மட்டும் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

கடைசிப் பகுதியில் இடுக்குப் பிள்ளையார் வரும். குறுகலான சந்துக்குள் ஒருக்களித்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். உடம்பு வலி போகும் என்பார்கள். இவருக்கு ஆசை. நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதை ஞாபகப்படுத்தினேன். நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்கள் வெளியே நின்று கும்பிட்டால் போதும், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏழுமலை, "எனக்குத்தாங்க இடுப்பு வலி," என்று வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே ஊரப் போனார்.

இன்ஜின் நின்றதும் ஆட்டோவுக்குள் அமைதியாகிவிட்டது. அண்ணி நடுவில் உட்கார்ந்திருந்தார். தம்பி பக்கம் திரும்பினார்.

"எனக்கும் ஒரு தரம் கேக்கணும்டா."

இவருக்குப் புரியவில்லை. "இன்னாக்கா?"

"அதான், அந்தச் சத்தம். எல்லாரும் கேட்டாங்களே."

"நீதான் அப்பல்லாம் எழுந்து போயிடுவியே."

"வேண்டுதல பாக்கி வெச்சுக்கினு எப்படிடா கேக்கறது? நான் கேக்கப் போய் நின்னுடுச்சுனா?"

இவர் நேராக உட்கார்ந்து, அக்காவின் தலையைப் பிடித்து மெதுவாகத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். ஏழுமலை வந்து நின்றார், பார்த்தார், டீ குடித்துவிட்டு வருவதாகச் சைகை செய்துவிட்டுப் போனார். அவர் டீ குடித்து வந்த பிறகும் அண்ணி தலையை எடுக்கவில்லை.

சரி, போகிறவர்களுக்கு. பௌர்ணமியைத் தவிருங்கள். காலை வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். நடக்க டாக்டர் ஒப்புக்கொண்டால், வெறும் காலில் நடப்பது முறை என்று பார்க்காமல் தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள், கல் குத்தினால் ரத்தம் நிற்க நேரமாகும். காது ஆபரேஷன் ஆனவர்கள் தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை, காது குத்தல், அலகு, எது வேண்டுதலாக இருந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் தினமும் ஒரு தரம் காதை வைத்துக் கேளுங்கள், காசா பணமா.

ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் போனோம். இரண்டு வாரத்தில் ரத்தம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. இப்போது ரத்த மாத்திரையை என் கண் முன்னால்தான் போடுகிறார். நேற்று துணி ஊறவைக்கும்போது, கிரிவலத்தன்று அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை பயணப் பையின் அடியிலிருந்து கையில் வந்தது. இடது பக்கம், இரண்டாவது பொத்தானை ஒட்டி, ஒரு கன்னம் அளவுக்குச் சந்தனம் காய்ந்திருந்தது. அதை மட்டும் எடுத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டு, மற்றதைத் துவைத்தேன்.